இன்டர்வியூ லெட்டர் வந்திருக்கு... யாரிடமிருந்து?



ஆறாவது செமஸ்டர் பிறந்தால் நம் விடுதியில் ஒரு வியாதி பரவும். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை மொபைலை எடுத்து மெயில் பார்க்கிற வியாதி! மெஸ் வரிசையில் ஒரு கையில் தட்டு, மறு கையில் மொபைல். "மச்சான், கால் லெட்டர் வந்துடுச்சுடா!" என்று ஒருத்தன் கத்தினால் போதும், சாம்பாரை விட்டுவிட்டுப் பாதி மெஸ் எழுந்து ஓடி வரும். இந்த வியாதியை நம்பியே பிழைப்பு நடத்துகிற கூட்டம் ஒன்று இருக்கிறது. அந்தக் கூட்டம் அனுப்புகிற கடிதத்தையும், நிஜக் கம்பெனி அனுப்புகிற கடிதத்தையும் பிரித்துப் பார்ப்பது எப்படி? அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

"ஏமாறுகிறவன் முட்டாள், எனக்கெதற்கு இது?" என்று பக்கத்தைப் புரட்டப் போகிறீர்களா? கொஞ்சம் நில்லுங்கள். இந்த வித்தை புத்தி இல்லாதவனுக்காகச் செய்யப்பட்டதல்ல, ஆசை இருப்பவனுக்காகச் செய்யப்பட்டது. வேலைக்கு ஆசைப்படாதவர் நம் காம்பவுண்டுக்குள் யார் இருக்கிறார்கள்? இதே வித்தை பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தபாலில் நடந்திருக்கிறது. "ஸ்பெயினில் ஒரு பணக்காரர் சிறையில் இருக்கிறார், அவரை விடுவிக்கச் சிறிது பணம் அனுப்புங்கள், பிறகு புதையலில் பங்கு தருகிறோம்" என்று கடிதம் வரும். ஸ்பானியக் கைதி மோசடி என்றே அதற்குப் பெயர். அன்று கைதி, இன்று ஹெச்.ஆர். மேனேஜர். அவ்வளவுதான் வித்தியாசம்.

சென்ற ஆண்டு நம் மெக்கானிக்கல் சீனியர் ஒருவருக்கு வந்த கடிதத்தை அவரிடமே கேட்டு வாங்கிப் படித்தேன். ஊர் உலகத்துக்கெல்லாம் தெரிந்த ஒரு பெரிய கார் கம்பெனியின் பேரில் வந்தது. மேலே கலரில் லோகோ. கீழே வட்ட முத்திரை, அதன் மேல் கையெழுத்து. 'உங்கள் பயோடேட்டா எங்கள் தேர்வுக் குழுவால் ஏற்கப்பட்டது. டிப்ளமோ டிரெய்னி பதவிக்கு நேர்முகத் தேர்வு. விமான டிக்கெட் கம்பெனிச் செலவு. திருப்பித் தரப்படும் முன்பணம் ரூ. 8,500-ஐ நாளை மாலை 5 மணிக்குள் கீழ்க்கண்ட கணக்கில் செலுத்தவும். ஆதார், பான், பாஸ்புக் முதல் பக்கம், போட்டோ, வெள்ளைத்தாளில் கையெழுத்து, இவற்றை ஸ்கேன் செய்து இன்றே அனுப்பவும்.' இதுதான் சாராம்சம்.

வீட்டில் கேட்டதும் அவர் அப்பா, "நல்ல கம்பெனியாச்சேப்பா, அம்மா வளையலை வெச்சுத் தரேன், கட்டிடு" என்று சொல்லிவிட்டார். மறுநாள் பேங்குக்குப் போகும் வழியில் நம் ஒர்க்‌ஷாப் இன்ஸ்ட்ரக்டர் எதிரே வந்தார். கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "தம்பி, நீ இந்தக் கம்பெனிக்கு எப்போ அப்ளை பண்ணினே?" சீனியர் யோசித்தார். அப்ளையே பண்ணவில்லை! ஏதோ ஒரு வேலைவாய்ப்பு வெப்சைட்டில் பயோடேட்டா ஏற்றியதோடு சரி.

வளையல் தப்பித்தது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. ஸ்கேன் செய்த காகிதங்கள் முந்தின நாள் ராத்திரியே போய்ச் சேர்ந்துவிட்டன. மூன்று மாதம் கழித்து, அவர் கேள்விப்படாத ஒரு கடன் ஆப்பின் பேரைச் சொல்லி வசூல் ஆட்கள் அவருக்கும் அவர் அப்பாவுக்கும் போன் போட ஆரம்பித்தார்கள்.

ஆகவே நாம் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, திருடனுக்கு இரண்டு பைகள் உண்டு என்பது. ஒன்று பணத்துக்கு, இன்னொன்று நம் அடையாளத்துக்கு. முதல் பை காலியாகவே திரும்பினாலும் இரண்டாவது நிரம்பிவிடும். நம் போட்டோ, கையெழுத்து, ஆதார், பான் எல்லாம் ஒரே கவரில் கிடைத்தால் அவற்றை வைத்து சிம் கார்டு வாங்கப் பார்ப்பான், கடன் கேட்பான், பேங்க் கணக்கு திறக்க முயல்வான். வேறு எங்கோ ஏமாந்தவரின் பணம் அந்தக் கணக்கு வழியாக ஓடினால் போலீஸ் முதலில் வந்து நிற்பது நம் வீட்டு வாசலில். "உன் அக்கவுண்டைக் கொஞ்ச நாள் கொடு, மாதம் ஐயாயிரம் தரேன்" என்று கேட்கிற ஆசாமிகளும் இதே கூட்டம்தான். கல்லூரி மாணவர்கள்தான் அவர்களுக்குப் பிடித்த இரை.

கோ, நோ-கோ

மெட்ராலஜி லேபில் பிளக் கேஜ் பிடித்துப் பார்த்திருப்பீர்கள். ஒரு முனை 'கோ', மறு முனை 'நோ-கோ'. 'கோ' முனை துளைக்குள் போகவில்லை என்றால் பீஸ் ரிஜெக்ட். ஆனால் போய்விட்டது என்பதற்காகவே பீஸ் ஓகே என்று எழுதிவிட முடியுமா? மறு முனையையும் வைத்துப் பார்க்க வேண்டும் அல்லவா? கடிதமும் அப்படித்தான். நம்மில் பலர் 'கோ' முனையோடு நிறுத்திக்கொள்கிறோம். லோகோ இருக்கிறதா, இருக்கிறது. முத்திரை இருக்கிறதா, இருக்கிறது. சரி, அசல்தான்! அய்யா, லோகோவை அந்தக் கம்பெனியின் வெப்சைட்டிலிருந்தே எடுத்து ஒட்டலாம். முத்திரை எந்த ஜெராக்ஸ் கடையிலும் முப்பது நிமிஷ வேலை. ஸ்பீட் போஸ்டில் வந்தால் மட்டும் என்ன, தபால்காரருக்கு அனுப்பியவர் யோக்கியரா என்று தெரியுமா? பிழையில்லாத இங்கிலீஷும் இப்போது ஆதாரம் இல்லை. முன்பெல்லாம் எழுத்துப் பிழையைப் பார்த்துப் போலியைப் பிடிக்கலாம் என்பார்கள். இன்று செயற்கை நுண்ணறிவு மென்பொருளிடம் கேட்டால் நம் ஆங்கிலத் துறைத் தலைவரே பாராட்டுகிற மாதிரி எழுதிக் கொடுத்துவிடும்.

பார்வைக்கு அழகாக இருப்பதை விட்டுவிட்டு, கம்பெனிகள் சட்டப்படி கடிதத்தில் எதைப் போட்டாக வேண்டும் என்று பாருங்கள். 2013-ம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 12-வது பிரிவு சொல்கிறது: ஒவ்வொரு கம்பெனியும் தன் அலுவலகக் கடிதத்தாளில் பெயர், பதிவு அலுவலக முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல் இவற்றோடு சி.ஐ.என். என்ற அடையாள எண்ணையும் அச்சிட வேண்டும். இந்த சி.ஐ.என். 21 இடங்கள் கொண்டது. நம் ரிஜிஸ்டர் நம்பர் மாதிரி இதற்குள்ளும் ஜாதகம் இருக்கிறது. முதல் எழுத்து 'எல்' என்றால் பங்குச்சந்தையில் பட்டியலிட்ட கம்பெனி, 'யு' என்றால் பட்டியலிடாதது. அடுத்து ஐந்து இலக்கம் தொழில் வகை. பிறகு இரண்டெழுத்து மாநிலம், தமிழ்நாடு என்றால் 'டி.என்.'. அடுத்த நான்கு இலக்கம் பதிவான ஆண்டு. அதன்பின் மூன்றெழுத்து, 'பி.எல்.சி.' என்றால் பப்ளிக் லிமிடெட், 'பி.டி.சி.' என்றால் பிரைவேட் லிமிடெட். கடைசி ஆறு இலக்கம் பதிவு எண். கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் இந்த எண்ணைக் கொடுத்தால் கம்பெனியின் பெயரும் முகவரியும் வந்து நிற்கும்.

சீனியரின் கடிதத்தில் சி.ஐ.என். இல்லை. எண் இல்லையென்றால் சந்தேகம் வலுக்கிறது. இருந்தால்? அதையும் வெப்சைட்டைப் பார்த்து ஈயடிச்சான் காப்பி அடிக்கலாமே! அதனால்தான் இரண்டு முனை கேஜ் வேண்டும் என்கிறேன்.

அனுப்புநர் முகவரி என்னும் மாயை

இன்லேண்ட் லெட்டரின் பின்பக்கத்தில் அனுப்புநர் என்ற இடத்தில் 'ஜனாதிபதி, புது டெல்லி' என்று எழுதித் தபால் பெட்டியில் போட்டால் என்ன ஆகும்? போய்ச் சேரும். யாரும் கேட்க மாட்டார்கள். மின்னஞ்சலும் பிறவியிலேயே அப்படித்தான். எஸ்.எம்.டி.பி. என்ற விதிமுறை 1982-ல் எழுதப்பட்டபோது, ஒருவரை ஒருவர் நம்பிய சின்ன உலகத்துக்காக எழுதினார்கள். அனுப்புநர் இடத்தில் எதை எழுதினாலும் அது பாட்டுக்கு எடுத்துக்கொண்டு போகும்.

ஓட்டை பெரிதான பிறகு மூன்று ஒட்டு போட்டார்கள். 'இந்தப் பெயரில் மெயில் அனுப்ப இந்த சர்வர்களுக்கு மட்டுமே அனுமதி' என்று டொமைன்காரர் அறிவித்து வைப்பது எஸ்.பி.எஃப். மெயிலின் மேல் டிஜிட்டல் கையெழுத்து போடுவது டி.கே.ஐ.எம். இந்த இரண்டும் நம் கண்ணுக்குத் தெரிகிற அனுப்புநர் முகவரியோடு பொருந்துகிறதா, பொருந்தாவிட்டால் மெயிலை என்ன செய்வது என்று சொல்வது டி.எம்.ஏ.ஆர்.சி. ஜீமெயிலைக் கம்ப்யூட்டரில் திறந்து, மெயிலின் வலது மூலையில் உள்ள மூன்று புள்ளியைத் தட்டி, 'ஷோ ஒரிஜினல்' என்பதை அழுத்துங்கள். மூன்றுக்கும் 'பாஸ்' விழுந்ததா என்று காட்டும். நம் பிராக்டிகல் ரிசல்ட் மாதிரி!

ஆனால் இங்கேயும் ஒரு பொடி இருக்கிறது. 'பாஸ்' என்றால் அந்த டொமைனிலிருந்துதான் வந்தது என்று அர்த்தம். அந்த டொமைன்காரர் நல்லவர் என்று அர்த்தமில்லை. திருடன் சொந்தமாக ஒரு டொமைன் வாங்கி மூன்று ஒட்டையும் ஒழுங்காகப் போட்டுக்கொண்டால் அவனுக்கும் 'பாஸ்' விழும். பிரவுசரில் தெரியும் பூட்டுப் படமும் அதே கதைதான். நமக்கும் அந்த வெப்சைட்டுக்கும் நடுவில் யாரும் ஒட்டுக் கேட்க முடியாது என்று மட்டும் அது சொல்கிறது. எதிர்முனையில் இருப்பவன் யார் என்பதற்கு அது ஜவாப்தாரி அல்ல.

எனவே டொமைன் பெயரைப் படிக்கத் தெரிய வேண்டும். நாம் இடமிருந்து வலமாகப் படித்துப் பழகியவர்கள், அங்கேதான் இடறுகிறோம். டொமைனை வலமிருந்து இடமாகப் படியுங்கள். கம்பெனியின் தளம் 'ஏபிசி டாட் காம்' என்று வைத்துக்கொள்வோம். 'கேரியர்ஸ் டாட் ஏபிசி டாட் காம்' என்று வந்தால் அது ஏபிசியின் வீட்டுக்குள் இருக்கிற ஒரு அறை, பரவாயில்லை. 'ஏபிசி டாட் கேரியர்ஸ்இந்தியா டாட் காம்' என்று வந்தால்? வீடு கேரியர்ஸ்இந்தியாவுடையது. ஏபிசி என்பது வாசலில் எவனோ மாட்டிய போர்டு! இன்னும் சில கில்லாடிகள் எழுத்தையே மாற்றுவார்கள். ஆங்கில 'ஆர்', 'என்' இரண்டையும் நெருக்கி எழுதினால் சின்னத் திரையில் 'எம்' மாதிரியே தெரியும். 'எல்' இருக்க வேண்டிய இடத்தில் எண் ஒன்றைப் போடுவார்கள். மொபைலில் பெரும்பாலும் அனுப்பியவர் பெயர் மட்டும்தான் தெரியும். பெயரைத் தொட்டு முழு முகவரியைப் பாருங்கள். 'ஹெச்.ஆர். டிபார்ட்மென்ட்' என்ற பெயருக்குப் பின்னால் சாதாரண ஜீமெயில் முகவரி ஒளிந்திருக்கலாம். வேலை வாய்ப்புக் கடிதங்களை ஜீமெயில், யாஹூ போன்ற இலவச முகவரிகளிலிருந்து அனுப்புவதில்லை என்று டி.சி.எஸ். தன் தளத்தில் வெளிப்படையாகவே அறிவித்திருக்கிறது.

நிஜமே போலி மாதிரி வந்தால்?

எச்சரிக்கை கொடுப்பவர்கள் சாதாரணமாக விட்டுவிடுகிற பக்கம் இது. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. பயந்துபோய் எல்லாவற்றையும் டெலிட் செய்கிறவன் பணத்தை இழக்க மாட்டான், வேலையை இழப்பான். நிஜக் கம்பெனிகளின் மெயில் பல சமயம் பார்க்கவே சகிக்காது. பெயரைக் கூடத் தப்பாக எழுதியிருப்பார்கள். பெரிய கம்பெனிகள் ஆள் எடுக்கும் வேலையை வெளி மென்பொருளில் செய்வதால் மெயில் வேறு டொமைனிலிருந்து வரும். சான்றிதழ் சரிபார்க்கிற வேலையைத் தனி ஏஜென்சியிடம் கொடுத்திருப்பார்கள். முன்பின் தெரியாத அந்த ஏஜென்சி நம் மார்க் ஷீட்டைக் கேட்கும்.

ஆதார், பான் கேட்டாலே திருட்டு என்றும் சொல்லிவிட முடியாது. வேலையில் சேர்ந்தால் வரி பிடிக்க பான் வேண்டும், பி.எஃப். கணக்குக்கு ஆதார் வேண்டும், சம்பளம் போட பேங்க் கணக்கு வேண்டும். ஆனால் எப்போது கேட்கிறான் என்பதைக் கவனிக்க வேண்டும். இன்டர்வியூவே நடக்கவில்லை, நம் முகத்தையே பார்க்கவில்லை, அதற்குள் பாஸ்புக் எதற்கு?

பணம் விஷயத்திலும் நுணுக்கம் உண்டு. டி.சி.எஸ்., இன்ஃபோசிஸ், மாருதி சுஸுகி போன்ற கம்பெனிகள் ஆள் எடுக்கப் பணம் வாங்குவதில்லை என்று தங்கள் தளத்திலேயே எச்சரிக்கை போட்டிருக்கின்றன. நாம் டிப்ளமோ முடித்ததும் பதிவு செய்கிற அப்ரன்டிஸ் பயிற்சிக்கும், சென்னை தரமணியில் இருக்கிற தென்மண்டலத் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியத்தின் கீழ் வருவதற்கு, யாருக்கும் டெபாசிட் கட்ட வேண்டியதில்லை. மாதாமாதம் அவர்கள்தான் நமக்கு உதவித்தொகை தருகிறார்கள். ஆனால் அரசுத் தேர்வுகளுக்கு விண்ணப்பக் கட்டணம் உண்டு. நம் ஆட்கள் எழுதுகிற ரயில்வே ஜூனியர் இன்ஜினியர் தேர்வையே எடுத்துக்கொள்ளுங்கள். பொதுப்பிரிவுக்கு 500 ரூபாய் வாங்கி, முதல் கட்டத் தேர்வை எழுதினால் 400 ரூபாயைத் திருப்பித் தருகிற முறையை வைத்திருந்தார்கள். ஆக, 'திருப்பித் தரப்படும்' என்ற வார்த்தை வந்தாலே மோசடி என்று மனப்பாடம் செய்தால் அதுவும் தப்பாகப் போகும்! அங்கே நாமே விளம்பரம் பார்த்து, வாரியத்தின் தளத்துக்குப் போய், விண்ணப்பித்து, அங்கேயே கட்டுகிறோம். இங்கே எவனோ தேடி வந்து தனி நபரின் சேவிங்ஸ் கணக்கைக் கொடுக்கிறான்.

அப்படியானால் என்னதான் செய்வது? சீனியருக்கு இன்ஸ்ட்ரக்டர் காட்டிய வழியே போதும். கடிதத்தில் உள்ள போன் நம்பரைக் கூப்பிடாதீர்கள். "நீங்க திருடனா சார்?" என்று திருடனையே கேட்ட மாதிரி ஆகும். அவன் தேனொழுக, "நோ நோ தம்பி, நாங்க ஜென்யூன்" என்பான். கடிதத்தில் உள்ள லிங்க்கையும் தொடாதீர்கள். கம்பெனியின் தளத்தை நீங்களே டைப் செய்து திறந்து, அதில் உள்ள நம்பருக்குப் போன் செய்யுங்கள், அல்லது அதில் உள்ள முகவரிக்கு, வந்த கடிதத்தை அப்படியே அனுப்பிக் கேளுங்கள். நம் பிளேஸ்மென்ட் ஆபீசர் சாரிடம் காட்டுங்கள். வருஷா வருஷம் வருகிற கம்பெனிகளின் ஹெச்.ஆர். ஆட்கள் நம்பர் அவர் டைரியில் இருக்கும். வெளி ஏஜென்சி என்றால், "இந்த ஏஜென்சியை நீங்கள்தான் நியமித்தீர்களா?" என்று கம்பெனியிடமே ஒரு வரி கேட்டுவிடுங்கள். நிஜக் கம்பெனி இப்படிக் கேட்டதற்காகக் கோபித்துக்கொண்டு வேலையை ரத்து செய்யாது. திருடன்தான் கோபித்துக்கொள்வான். "ஐந்து மணிக்குள் கட்டாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும்" என்று அவன் அவசரப்படுத்துவதே, நாம் இந்த ஒரு போன் காலைச் செய்துவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

ஆவணம் கொடுத்தே ஆக வேண்டிய இடத்தில் முழு ஆதாரைக் கொடுக்க வேண்டியதில்லை. முதல் எட்டு இலக்கம் மறைத்து, கடைசி நான்கு மட்டும் தெரிகிற ஆதாரை ஆணையத்தின் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். அதே தளத்தில் கைரேகையைப் பூட்டி வைக்கவும் வசதி இருக்கிறது. நகலின் குறுக்கே 'இன்ன கம்பெனி, இன்ன தேதி, சான்றிதழ் சரிபார்ப்புக்கு மட்டும்' என்று பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்து மட்டும் கேட்டால் மரியாதையாக மறுத்துவிடுங்கள். எந்த வேலைக்கும் அது தேவைப்படாது.

பேங்க் பேரில் வருவது

வேலைக் கடிதத்துக்கு அடுத்தபடி நமக்கு அதிகம் வருவது பேங்க் மெசேஜ். 'கே.ஒய்.சி. முடிந்துவிட்டது, இன்று இரவு கணக்கு முடங்கும், கீழே தட்டவும்.' நமக்குச் சாதகமாக இங்கே சில மாற்றங்கள் நடந்திருக்கின்றன. பேங்குகளின் இணையதள முகவரி எல்லாம் 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடிய வேண்டும், 2025 அக்டோபர் 31-க்குள் மாறிவிட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது. அந்த வால் பேங்குகளுக்கு மட்டுமே கிடைக்கும், கண்டவன் வாங்க முடியாது. எஸ்.எம்.எஸ். விஷயத்தில், கம்பெனிகளின் செய்தி பத்து இலக்க நம்பரிலிருந்து வராமல் எழுத்துகளால் ஆன தலைப்பிலிருந்து வரும். 2025 முதல் அதன் கடைசியில் ஒரு கோடு போட்டு ஓர் எழுத்தும் சேர்க்கிறார்கள். 'பி' விளம்பரம், 'எஸ்' சேவை, 'டி' பணப் பரிமாற்றம், 'ஜி' அரசு. 'உன் கணக்கு முடங்கும்' என்ற செய்தி சாதாரண மொபைல் நம்பரிலிருந்தோ, வாட்ஸ்அப்பில் ஒரு ஏ.பி.கே. ஃபைலோடோ வந்தால் யோசிக்கவே வேண்டாம். ஏ.பி.கே. என்பது கடிதம் அல்ல, மென்பொருள். கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் அபராதச் சலான் என்ற பெயரிலெல்லாம் அதை அனுப்புகிறார்கள். தட்டி இன்ஸ்டால் செய்து, கேட்கிற அனுமதியெல்லாம் கொடுத்தால் நமக்கு வருகிற ஓ.டி.பி.யை அதுவே படித்து அனுப்பிவிடும். வீட்டில் அம்மாவின் போனையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். நம்மைவிட அவர்களுக்குத்தான் கல்யாணப் பத்திரிகை அதிகம் வரும்!

பணம் 'வாங்குவதற்கு' யு.பி.ஐ. பின் நம்பர் தேவையில்லை என்பதையும் அவர்களிடம் சொல்லி வையுங்கள். பின் அடித்தால் பணம் போகும், வராது.

கடல் தாண்டி அழைக்கிற கடிதம்

ரூ. 8,500-ஐ விடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை, டேட்டா என்ட்ரி, டிஜிட்டல் மார்க்கெட்டிங், கை நிறையச் சம்பளம் என்று அழைத்துப் போய், மியான்மர் எல்லைக்குள் மியாவடி என்ற இடத்தில் அடைத்து வைத்து, மற்றவர்களை ஏமாற்றுகிற வேலையையே செய்ய வைத்தார்கள். 2022-ல் இப்படிச் சிக்கிய தமிழக இளைஞர்கள் மீட்கப்பட்டுச் சென்னை வந்து இறங்கினார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் வெளியுறவுத் துறை அமைச்சகமே பகிரங்க எச்சரிக்கை விட்டது. அதன்பிறகும் கம்போடியா, லாவோஸ் என்று ஊர் மாறியதே தவிர வித்தை மாறவில்லை. நமக்கு வருகிற போலி மெயிலை டைப் அடித்தவன்கூட இப்படி ஏமாந்து போன ஒருவனாக இருக்கலாம் என்று நினைத்தால் கொஞ்சம் நடுங்குகிறது.

வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்ட் 1983-ம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு பெற்றவர்கள் பட்டியல் அரசின் இ-மைக்ரேட் தளத்தில் இருக்கிறது. அவர்கள் வாங்கக்கூடிய கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் அதன் மேல் ஜி.எஸ்.டி.யும்தான் உச்சவரம்பு. வேலைக்குப் போகிறவனை டூரிஸ்ட் விசாவில் போகச் சொன்னால், அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள்.

கொடுத்துவிட்டால்?

வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். நாம் மறைக்கிற ஒவ்வொரு மணி நேரமும் அவனுக்கு லாபம். பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற நம்பருக்குப் போன் செய்ய வேண்டும். பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்குத் தாவுவதற்கு முன் நிறுத்தி வைக்க அங்கே ஏற்பாடு இருக்கிறது. பிறகு தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். மெயிலை டெலிட் செய்யக் கூடாது, அதுதான் சாட்சி. அடையாளத் திருட்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-சி பிரிவில் வருகிறது. வேறொருவர் மாதிரி நடித்து ஏமாற்றுவது 66-டி. இரண்டுக்குமே மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். நம் சினிமாக்காரர்களுக்குப் பிடித்த 420-க்கு 2024 ஜூலை முதல் புது நம்பர் வந்துவிட்டது, இப்போது 318!

பணம் போகாமல் ஆவணம் மட்டும் போயிருந்தால் உடனே எதுவும் தெரியாது. நம் சீனியருக்கு மூன்று மாதம் ஆன மாதிரி, திடீரென்று ஒருநாள் தெரியும். அதுவரை காத்திருக்க வேண்டாம். 'சஞ்சார் சாத்தி' என்ற அரசுத் தளத்தில் நம் பேரில் எத்தனை மொபைல் இணைப்பு இருக்கிறது என்று பார்க்கலாம். நம்முடையது அல்லாததை 'இது என் நம்பர் அல்ல' என்று குறித்துப் புகார் செய்யலாம். நம் பேரில் கடன் இருக்கிறதா என்பதை சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்ற நான்கு கம்பெனிகளின் அறிக்கையில் பார்க்கலாம். ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தந்தாக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கடனே வாங்காத நமக்கு அந்தப் பக்கம் வெறுமையாக இருக்க வேண்டும்.

சீனியர் பார்த்தபோது அதில் ஒரு கடன் உட்கார்ந்திருந்தது. போலீஸ் புகார் ரசீதை வைத்து, 'இது என் கடன் அல்ல' என்று எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தார். ஆட்சேபத்தை 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் அதற்குமேல் ஆகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் நமக்கு நஷ்டஈடு தர வேண்டும் என்று 2024 ஏப்ரலிலிருந்து விதி இருக்கிறது. அவருக்கு 26-ம் நாளே கடன் நீங்கிவிட்டது. "இன்னும் ஒரு மாசம் இழுத்திருந்தா மெஸ் பில் கட்டியிருப்பேன்டா" என்று அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்!